பார்க்காத டயருக்கு எழுதிய எண்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 24 வயது. ஏஎம்இ (விமானப் பராமரிப்பு) படிப்பு முடித்து, விமானத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கான பி1 லைசென்ஸுக்குப் பாதிப் பேப்பர் எழுதிவிட்டு, எட்டு மாதமாக ஒரு விமான நிலையத்தில் லைன் மெயின்டனன்ஸில் (விமானம் அடுத்துக் கிளம்புவதற்கு முன் சரிபார்க்கிற வேலை) டெக்னீஷியனாக இருக்கிறேன். பெரும்பாலும் நைட் ஷிப்ட். ஆறு ஏ320 விமானங்களுக்கு நாங்கள் மூன்று பேர், காலையில் முதல் விமானம் ஐந்தே காலுக்கு. டயர் பிரஷர் கேஜ் ஷிப்டுக்கு ஒன்றுதான், அதுவும் முக்கால்வாசி நேரம் வேறு வண்டியில் இருக்கும். போன மாதம் ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு என் சீனியர் அண்ணன், செய்த சோதனைகளை எழுதுகிற கார்டை நீட்டி, ‘நேத்து போட்டதைப் பாத்து ஒண்ணு ரெண்டு மாத்திப் போட்டுடுப்பா’ என்றார். ஆறு டயருக்கும் எண் எழுதி இனிஷியல் போட்டேன். விமானம் போய் வந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறமும் இரண்டு முறை அப்படி எழுதினேன். வீட்டுக்கு வந்தால் தூக்கம் வரவில்லை. நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு? அண்ணனிடம் இதை எப்படிப் பேசுவது, எனக்கு வேலை கற்றுத்தருபவரே அவர்தான். பேசாமல் சொந்தக் காசில் ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே முக்கியமான வரி நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான். ‘கேஜ் ஷிப்டுக்கு ஒன்றுதான்’ என்கிறீர்களே, அது. அதற்கு வருகிறேன். முதலில் டயரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் அண்ணன் உட்பட ரேம்ப்பில் (விமானங்கள் நிற்கிற தளத்தில்) நிறையப் பேர் டயரைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நம்புகிறார்கள், ஒருகாலத்தில் நானும் நம்பினேன்.

நான் டிரெய்னியாக இருந்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருநாள் ஹேங்கரில் நின்ற விமானத்தின் நான்கு மெயின் டயர்களில் ஒன்றிலிருந்து மட்டும் காற்றை இறக்கிவைத்துவிட்டு, எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டு எது என்று கேட்டார். உதைத்துப் பார்த்தோம். குனிந்து பார்த்தோம். ஒருத்தன் காதை வைத்துக்கூடக் கேட்டான். ஏழு பேரில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார், அவரும் குத்துமதிப்பாகச் சொன்னதாக அப்புறம் ஒப்புக்கொண்டார். கேஜ் வைத்தபோது அந்த டயரில் இருந்தது 150 பிஎஸ்ஐ, பக்கத்தில் இருந்ததில் 200. கார் டயர் என்றால் கால்வாசிக் காற்று போனதும் வயிறு தள்ளி நிற்கும், உங்களுக்கே தெரியும். விமானத்தில் ஒரே அச்சில் இரண்டு டயர்கள் ஜோடியாக இருக்கின்றன. ஒன்றில் காற்று குறைந்தால் பக்கத்து டயர் சத்தமில்லாமல் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கிக்கொள்கிறது. அதனால் காற்று குறைந்தது நிமிர்ந்தே நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கார்டில் ‘பார்’ என்று மட்டும் எழுதாமல் ‘அளந்து எண்ணை எழுது’ என்று கட்டம் போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

தாங்கிக்கொள்கிற அந்த இரண்டாவது டயர்தான் ஆபத்து. 1991 ஜூலை 11, ஜெத்தா. ஹஜ் முடித்த பயணிகளை ஏற்றிக்கொண்டு நைஜீரியாவின் சொகோட்டோவுக்குக் கிளம்பிய ஒரு டிசி-8 விமானம். ஓட்டம் நைஜீரியா ஏர்வேஸுக்காக, விமானமும் ஆட்களும் கனடாவின் நேஷன்ஏர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். கிளம்புவதற்கு முன்பே இரண்டு டயர்களில் காற்று குறைவு என்று தலைமை மெக்கானிக்குக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமல்ல, நிரப்பவும் பார்த்தார், விமான டயரில் நிரப்புவது நைட்ரஜன், ஆனால் கைக்கெட்டுகிற இடத்தில் நைட்ரஜன் இல்லை. அங்கே பொறுப்பில் இருந்த நிர்வாகிக்குத் தாமதம் ஆகக்கூடாது. விமானம் அப்படியே கிளம்பியது. ஓடுபாதைக்குப் போகிற வழியிலேயே காற்று குறைந்த டயரின் சுமையெல்லாம் அதே அச்சின் பக்கத்து டயர் மேல் விழுந்து, அது சூடேறிப் பலமிழந்து, ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வெடித்தது. உடனே அடுத்ததும் போய்விட்டது. சுழலாமல் நின்றுபோன சக்கரம் ஓடுபாதையில் தேய்ந்து தீப்பிடித்தது. மேலே எழும்பியதும் வழக்கம்போலச் சக்கரங்களை உள்ளே இழுத்தார்கள், தீயும் கூடவே உள்ளே போனது. திரும்பி வந்து இறங்கப் பார்த்தார்கள், முடியவில்லை. 247 பயணிகள், 14 ஊழியர்கள், 261 பேரும் இறந்தார்கள்.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் எண் எழுதிய மூன்று இரவுகளிலும் அந்த விமானங்களின் டயர்கள் நன்றாகத்தான் இருந்திருக்கும், அநேகமாக. அந்தக் கதையில் நீங்கள் பார்க்க வேண்டியது ‘கைக்கெட்டுகிற இடத்தில் நைட்ரஜன் இல்லை’ என்ற இடத்தை. என் முப்பத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்த குறுக்குவழிகளில் பாதிக்கு மேல் சோம்பலில் தொடங்கியவை அல்ல. ஏதோ ஒரு சாமான் வேண்டிய இடத்தில் இல்லாததில் தொடங்கியவை. கேஜ் இன்னொரு வண்டியில், ஏணி இன்னொரு பேயில் (விமானம் நிறுத்துகிற இடத்தில்), ஆயில் டின் ஸ்டோரில், ஸ்டோர்க்காரர் டீ குடிக்கப் போயிருப்பார். மனிதன் என்ன செய்வான்? ‘அப்புறம் வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்பான். அந்த ‘அப்புறம்’ இரவு நாலரை வரை வராது.

இதே வகையில் இன்னொன்று, இது சாவு எதுவும் இல்லாமல் முடிந்தது. 2013 மே 24, லண்டன் ஹீத்ரோ. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏ319 ஒன்று காலையில் ஆஸ்லோவுக்குக் கிளம்பி மேலே எழும்பும்போதே இரண்டு இன்ஜின்களையும் மூடியிருக்கிற ஃபேன் கௌல் கதவுகள் பிய்த்துக்கொண்டு போயின. வலது இன்ஜினில் தீ. திரும்பி வந்து இறங்கிவிட்டார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். முந்தைய இரவு என்ன நடந்தது என்று விசாரணையில் வந்ததைத்தான் நான் டிரெய்னிகளுக்குச் சொல்லுவேன். இரண்டு டெக்னீஷியன்கள் கௌலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், ஜெனரேட்டருக்கு ஆயில் ஏற்ற வேண்டியிருந்தது, ஆயிலும் அதை ஏற்றுகிற கருவியும் அவர்களிடம் இல்லை. சரி, எடுத்துக்கொண்டு அப்புறம் வருவோம் என்று கதவை லாட்ச் (பூட்டுக் கொக்கி) போடாமல் சாத்திவைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தார்கள், ஆனால் வேறு விமானத்துக்கு. அங்கே கௌல் ஒழுங்காக மூடியிருந்தது, ஆயிலும் போதுமான அளவு இருந்தது. வேறு யாரோ முடித்துவிட்டார்கள் போல, ஆயில் மட்டமும் தானாகச் சரியாகிவிட்டது போல என்று நினைத்து வேலையை முடித்தார்கள். காலையில் சுற்றி வந்து பார்த்த துணை விமானியின் கண்ணிலும் அது படவில்லை. அந்த லாட்ச் இன்ஜினின் அடிவயிற்றில் இருக்கிறது, முட்டி போட்டுக் குனிந்தால்தான் தெரியும். நின்றபடி பார்த்தால் மூடிய கௌலுக்கும் மூடாத கௌலுக்கும் விரல் அகலம்தான் வித்தியாசம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, எவ்வளவு பெரிய தப்பு என்பது. மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன். டயரை அளக்காமல் விட்டது ஒரு தப்பு, அளந்ததாக எண் எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விமானம் கிளம்பலாம் என்று ரிலீஸ் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் கார்டைப் பார்த்து ‘என்னப்பா இது’ என்று கேட்டிருப்பார். கேஜ் தேடியிருப்பீர்கள். விமானம் பத்து நிமிஷம் தாமதமாகியிருக்கும், யாராவது திட்டியிருப்பார்கள். 203 என்று எழுதியதும் அந்தக் கேள்வி செத்துவிட்டது. உங்களுக்குப் பின்னால் வருகிற இன்ஜினியர், விமானி, மறுநாள் ஷிப்ட் எல்லோருக்கும் ‘இது பார்த்தாகிவிட்டது, நீ வேறு எதையாவது பார்’ என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த எண்ணுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. டயர் பிரஷரை தினமும் எழுதுவது அன்றைக்கு ஒருநாளைக்கு மட்டுமல்ல. எந்த டயரிலும் கொஞ்சம் காற்று இறங்கத்தான் செய்யும், ஒரு நாளைக்கு ஐந்து சதவீதம் வரைகூட இயல்பு என்று விட்டுவிடுவார்கள். 204, 203, 203, 202 என்று போகிற டயர் ஒழுங்கான டயர். 204, 192, 180 என்று போகிற டயரை நாலாவது நாள் யாரும் சொல்லாமலே கழற்றிவிடலாம், வால்விலோ விளிம்பிலோ எங்கேயோ கசிகிறது. நேற்றைய எண்ணைப் பார்த்து ஒன்று இரண்டு மாற்றிப் போட்டால் எல்லா டயரும் ஒழுங்கான டயர்தான். கசிகிற டயரும் அழகாக 203 காட்டிக்கொண்டிருக்கும். நேற்றைய எண்ணும் யாரோ முந்தாநாளைப் பார்த்து எழுதியதா என்று நினைத்துப் பார்த்தீர்களா? நான் உங்கள் இடத்தில் இருந்தால் என் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். பொதுவாக, பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்த டயரைக் கழற்ற வேண்டும், இருபதுக்கு மேல் குறைந்திருந்தால் அதன் ஜோடியையும் சேர்த்துக் கழற்ற வேண்டும், ஏனென்றால் இத்தனை நாள் அதன் சுமையைத் தாங்கியது அதுதானே. சரியான அளவை உங்கள் மானுவலில் பாருங்கள், அதுதான் கணக்கு.

அண்ணன் சொல்வதும் எனக்குத் தெரியும். ‘இருபது வருஷமா இப்படித்தான், என்ன ஆச்சு?’ ஒன்றும் ஆகியிருக்காது, உண்மைதான். ஒரு பாதுகாப்பு ஓட்டையாகும்போது இன்னும் நாலு பாதுகாப்பு பின்னால் நிற்பதால்தான் ஒன்றும் ஆவதில்லை. அந்த நாலில் ஒன்றாக இருக்கிறவர் தன்னை நீக்கிவிட்டு ‘பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை’ என்றால் எப்படி? எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஆறு விமானம், மூன்று ஆள், ஒரு கேஜ் என்று ரோஸ்டர் போட்ட ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கார்டுகள் எல்லாம் நிரம்பி வருகின்றன. அவர் என்ன நினைப்பார்? மூன்று பேரும் ஒரு கேஜும் தாராளமாகப் போதும் என்று நினைப்பார், அடுத்த வருஷம் இரண்டு பேர் ஆக்கினாலும் ஆக்குவார். நீங்களும் அண்ணனும் எழுதிய பொய் எண்கள் அந்தப் பற்றாக்குறையை மறைத்துக்கொண்டிருக்கின்றன. காலிக் கட்டங்கள் வாரத்துக்கு நாலு வந்திருந்தால் இந்நேரம் வண்டிக்கு ஒரு கேஜ் வந்திருக்கும்.

சரி, இருக்கிற ஆளையும் கேஜையும் வைத்து என்ன செய்யலாம்? உங்கள் இரவை வேறு மாதிரி அடுக்கிப் பாருங்கள். டயரைக் குளிர்ந்த பிறகுதான் அளக்க வேண்டும், இறங்கி இரண்டு மூன்று மணி நேரமாவது ஆக வேண்டும். சூடான டயர் அதிகம் காட்டும், மூன்று டிகிரி வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் பிரஷர் மாறும். சூட்டில் அதிகமாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்த வேலை மட்டும் வேண்டாம். இன்ஜின் ஆயில் நேர்மாறு. அதை இன்ஜின் நிறுத்திய கொஞ்ச நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும், பல இன்ஜின்களுக்கு ஐந்து நிமிஷத்திலிருந்து முப்பது நிமிஷத்துக்குள் என்று மானுவலில் இருக்கும். விட்டால் ஆயில் டேங்க்கிலிருந்து கீழே இறங்கி மட்டம் குறைவாகத் தெரியும், குறைவு என்று நினைத்து ஊற்றினால் அதிகமாகிவிடும், அப்புறம் கேபினுக்குள் ஆயில் நாற்றம் என்று விமானி டெக்லாக்கில் (விமானத்தின் கோளாறுகளை எழுதுகிற பதிவேட்டில்) எழுதுவார். ஆக, விமானம் வந்து சேர்ந்ததும் ஆயில், நடுராத்திரி இரண்டரை மணி வாக்கில் கேஜை எடுத்துக்கொண்டு ஆறு விமானத்துக்கும் ஒரே சுற்றில் டயர், கிளம்புவதற்கு முன் கடைசிச் சுற்று. கேஜ் ஒன்றாக இருந்தாலும் ஒரே கையில் ஒரே சுற்றில் போனால் ஒன்று போதும். விமானத்துக்கு விமானம் கார்டை முழுதாக முடித்துவிட்டு நகர வேண்டும் என்று நினைப்பதால்தான் நாலரை மணிக்குக் கேஜைத் தேடுகிறீர்கள். ஒன்று மட்டும், எண்ணை அந்தந்த டயர் பக்கத்தில் நின்று, அந்தந்த விமானத்தின் கார்டிலேயே எழுதுங்கள், உள்ளங்கையில் கிறுக்கிவைத்து அப்புறம் சேர்த்து எழுதுகிற பழக்கம் வேண்டாம். தொடுவதற்கு முன் பதிவெண்ணை வாய்விட்டுப் படியுங்கள். ஹீத்ரோவில் விமானம் மாறிப்போன இரண்டு பேரும் அனுபவசாலிகள்தான்.

கடைசிச் சுற்றைப் பற்றியும் ஒன்றிரண்டு. மூக்கிலிருந்து தொடங்கி ஒரே திசையில் போங்கள், தினமும் அதே திசை. நடுவில் யாராவது கூப்பிட்டாலோ போன் வந்தாலோ விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், மூன்று நாலு வேலை பின்னால் போய்த் தொடங்குங்கள், ஏனென்றால் விட்ட இடம் என்று நீங்கள் நினைக்கிற இடம் பெரும்பாலும் விட்ட இடம் அல்ல. வேகமும் உயரமும் காட்டுவதற்காகக் காற்றழுத்தத்தை எடுக்கிற பிடோ குழாய், ஸ்டாட்டிக் துளை, இந்த இரண்டையும் தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நகராதீர்கள். 1996 அக்டோபர் 2 அன்று பெருவின் லீமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெருவின் போயிங் 757-ஐக் கழுவும்போது தண்ணீர் போகாமல் இருக்க ஸ்டாட்டிக் துளைகளின் மேல் டேப் ஒட்டினார்கள், வெள்ளி நிற டேப். எடுக்க மறந்தார்கள். மேற்பார்வை பார்த்தவர் கவனிக்கவில்லை, சுற்றி வந்த விமானியும் கவனிக்கவில்லை, நடுராத்திரி வேறு. வெளிக்காற்றின் அழுத்தம் தெரியாததால் உயரமும் வேகமும் தப்புத்தப்பாகக் காட்டின, ஒரே நேரத்தில் மிக வேகம் என்றும் வேகம் போதாது என்றும் எச்சரிக்கைகள். பாவம், அவர்கள் தரைக் கட்டுப்பாட்டைக் கூப்பிட்டு உயரம் கேட்டார்கள், அங்கே திரையில் தெரிந்ததும் விமானம் அனுப்பிய அதே பொய் எண்தான். 9,700 அடி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இறக்கை கடலில் பட்டது. 70 பேர். டேப் ஒட்ட வேண்டியிருந்தால் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ஒட்ட வேண்டும், அதில் தொங்கட்டான் இருக்க வேண்டும், ஒட்டியதை எழுதிவைக்க வேண்டும்.

தொங்கட்டான் இருந்தாலும் போதாது என்பதற்கு 2018 ஜூலை 18, பிரிஸ்பேன். மலேசியா ஏர்லைன்ஸின் ஏ330-இல் குளவி கூடு கட்டாமல் இருக்கப் பிடோ குழாய் மூன்றுக்கும் உறை போட்டு, சிவப்புப் பட்டை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது, அப்படியே பறந்தது. அவர் எடுப்பார் என்று இவர், இவர் எடுப்பார் என்று அவர். வேகமே தெரியாமல் சுற்றி வந்து பத்திரமாக இறங்கினார்கள், விமானிகளைப் பாராட்ட வேண்டும். நான் அந்தச் செய்தியைப் படித்த அன்றிலிருந்து உறையைக் கையால் தொட்டு எண்ணுவது என்று வைத்துக்கொண்டேன், ஓய்வு பெறும்வரை.

இனி அண்ணன் விஷயம். ரூல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கற்றுத்தருகிறவரிடம் அது எடுபடாது, மரியாதையும் இல்லை. முதலில் நீங்களே வேலையைச் செய்யத் தயாராகப் போங்கள். ‘அண்ணே, கேஜை ரெண்டரைக்கே வாங்கி வெச்சுட்டேன், ஆறுக்கும் நானே போட்டுட்டு வந்துடறேன், நீங்க மத்ததைப் பாருங்க’ என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசி அண்ணன்கள் ‘சரி, போ’ என்பார்கள், அவர்களுக்கும் பொய் எழுதுவதில் ஆசை ஒன்றும் இல்லை, முட்டி வலிதான். ஒருவேளை மறுபடியும் நாலரைக்குக் கார்டை நீட்டினால், ‘அண்ணே, நான் பாக்கலையே, இனிஷியல் எப்படிப் போடறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு நில்லுங்கள். மேலே விளக்கம் வேண்டாம். விளக்கம் கொடுத்தால் வாக்குவாதம் ஆகும். ‘நான் பாக்கலை’ என்பதோடு யாரும் வாதாட முடியாது.

நேரம் உண்மையிலேயே போதவில்லை என்றால் ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லுங்கள், ஆனால் ‘ஆள் பத்தவில்லை சார்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அதை அவர் தினமும் கேட்கிறார். இன்ன பதிவெண், இன்ன வேலை, இன்ன காரணத்தால் முடியவில்லை, முடிக்க இன்னும் இவ்வளவு நிமிஷம் வேண்டும் என்று சொல்லுங்கள். ‘நாலாம் நம்பர் பேயில் நிற்பதுக்கு டயர் அளக்கவில்லை, கேஜ் ஏழாம் பேயில், கால் மணி நேரம் வேண்டும்.’ இதைக் கேட்டவர் ஏதாவது முடிவு எடுத்தாக வேண்டும், வண்டி அனுப்புவார் அல்லது தாமதத்தை ஒப்புக்கொள்வார். ரெண்டும் இல்லாமல் எழுதிக்கொடு என்றால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ரிலீஸ் போடுகிற இன்ஜினியரிடம் நேரே சொல்லுங்கள். லைசென்ஸ் அவருடையது, நீங்கள் எழுதுகிற எண்ணை நம்பித்தான் அவர் கையெழுத்து நிற்கிறது.

ஏற்கெனவே எழுதிய மூன்றைப் பற்றி. அடுத்த ஷிப்டிலேயே அந்த விமானங்களின் டயர்களை முதலில் அளந்துவிடுங்கள். அப்புறம் உங்கள் இன்ஜினியரிடமோ குவாலிட்டி ஆளிடமோ நேரில் போய்ச் சொல்லுங்கள். எல்லா நிறுவனத்திலும் உள்ளுக்குள் எழுதித் தருகிற பாதுகாப்பு அறிக்கை முறை இருக்கும், அதிலும் எழுதலாம், விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏவுக்கும் நாமாக எழுதித் தருகிற வழி இருக்கிறது. ஒன்றும் ஆகாது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கைதவறிச் செய்த பிழையை மன்னிக்கிற இடங்களில்கூடத் தெரிந்தே எழுதியதை வேறு கண்ணால்தான் பார்ப்பார்கள். திட்டு விழலாம், மெமோ வரலாம், சில மாதம் கார்டில் கை வைக்காதே என்று உட்காரவைக்கலாம். ஆனால் நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் தணிக்கையில் மாட்டுவதற்கும் நிறைய தூரம். பேசும்போது அண்ணன் பெயரில் தொடங்காதீர்கள், கேஜில் தொடங்குங்கள். நான் இந்த மூன்று இரவுகளில் அளக்காமல் எழுதினேன், கேஜ் வேறு வண்டியில் இருந்தது, இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று சொன்னால் போதும், மீதியை அவர்களே கேட்பார்கள். கேட்டால் மறைக்க வேண்டாம்.

எனக்கும் ஒரு மெமோ வந்திருக்கிறது. எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். இரவில் விமானத்தை இழுத்து நிறுத்தும்போது சக்கரக் கால்கள் மடங்காமல் இருக்கப் போடுகிற ‘பின்’ மூன்று, காலையில் பையில் எண்ணினால் இரண்டு. கால்களில் ஒன்றும் இல்லை, நன்றாகப் பார்த்தேன். எல்லோரும் ‘விடு சார், விமானத்தில் இல்லையே’ என்றார்கள். சக்கர அறைக்குள் எங்காவது விழுந்து கிடந்தால்? நாற்பது நிமிஷம் நிறுத்தினேன், கடைசியில் அது டிராக்டர்காரரின் சீட்டுக்கு அடியில் இருந்தது. தாமதம் என் பெயரில், மெமோவும் என் பெயரில், நன்றி சொல்ல ஒருத்தரும் வரவில்லை. அந்த வருஷம் இன்கிரிமென்ட்டும் சுமார்தான். என் மனைவி இன்றைக்கும் அந்தப் பின் கதையைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவாள்.

கடைசியாக, சொந்தக் கேஜ். வாங்காதீர்கள். அளவுக் கருவி எதுவானாலும் கேலிபிரேஷன் செய்து, அடுத்த தேதி எழுதிய ஸ்டிக்கரோடு, ஸ்டோர் கணக்கில் இருப்பதைத்தான் பயன்படுத்தலாம். உங்கள் சொந்தக் கேஜ் காட்டுகிற 200 உண்மையிலேயே 200-ஆ என்று யாரைக் கேட்பது? அதோடு நீங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டால் நிறுவனம் இரண்டாவது கேஜ் வாங்கவே வாங்காது. இருக்கிற கேஜின் ஸ்டிக்கரை இன்றைக்கே பாருங்கள், தேதி தாண்டியிருந்தால் அதையும் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் தலையில் மாட்டுகிற நல்ல டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு கையும் சும்மா இருக்கும். அப்புறம் முட்டிக்கு ஒரு ஜோடி பேட். எனக்கு அம்பத்தைந்து வயதில்தான் அந்த யோசனை வந்தது, அதற்குள் முட்டி போய்விட்டது.